வடிவாகச் சொல்லுதல்

(வட்டுக்கோட்டையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘எலிகன்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பொருளையும் பயன்பாட்டையும் பற்றிப் பேச எடுத்துக்கொண்டேன். வட்டுக்கோட்டையில், தமிழ்ச் சபையில், ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு மாலைப் பொழுதைக் கொடுக்கலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். கொடுக்கலாம் என்பதற்கு எனக்கு வலுவான காரணம் உண்டு. ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றையும் எடுத்து வைத்து, இதற்குத் தமிழில் என்ன, தமிழ்ச் சொல் ஒவ்வொன்றையும் எடுத்து வைத்து, இதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த வட்டாரம் இது. வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய், நல்லூர் என்று சில மைல்களுக்குள் அடங்கும் இந்த நிலத்தில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய தமிழ் அகராதி முயற்சிகள் வேர் விட்டன. அந்தக் கேள்வியை நாம் மறுபடியும் கேட்பதில் தவறில்லை.

இன்று இந்தச் சொல் நம்மிடையே தாராளமாகப் புழங்குகிறது. சேலைக் கடையில் கேட்கிறோம். கலியாண மண்டப அலங்காரத்தைப் பற்றிச் சொல்லும்போது கேட்கிறோம். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். பெரும்பாலும் விலை கூடியது, பளபளப்பானது, புதியது என்ற பொருளில்தான் சொல்லப்படுகிறது. அந்தப் பொருள் பிழை. சொல்லின் வரலாற்றைப் பார்த்தால் பிழை எங்கே நுழைந்தது என்பது தெரியும்.

இலத்தீன் மொழியில் ‘எலெகன்ஸ்’ என்று ஒரு சொல். தெரிந்தெடுத்தல் என்ற பொருளுடைய வினையோடு உறவுடையது. பலவற்றுள் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை விடுகிறவன் எலெகன்ஸ். வியப்பு என்னவென்றால் பழைய ரோமில் இது வசைச்சொல். உணவிலும் உடையிலும் அளவுக்கு மீறித் தேடித் தேடிப் பொறுக்குகிறவனைக் குறை சொல்ல அதைப் பயன்படுத்தினார்கள். கேட்டோ என்ற ரோமர் வாழ்ந்த கி.மு. இரண்டாம் நூற்றாண்டு வரைக்கும் இது இகழ்ச்சிதான் என்று, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய ஔலஸ் கெல்லியஸ் குறித்து வைத்திருக்கிறார். ரோமப் பேச்சாளர் சிசரோவின் காலத்துக்கு வரும்போது அதுவே புகழ்ச்சியாகிவிட்டது. பொறுக்கி எடுப்பதில் வெறும் ஆசை இருந்தால் இகழ்ச்சி, அறிவு இருந்தால் புகழ்ச்சி என்ற நிலைக்குச் சொல் நகர்ந்தது.

இன்னொரு சான்று இதைவிட முக்கியமானது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், ஹெரேனியஸ் என்பவருக்காக எழுதப்பட்ட பேச்சுக்கலை நூல் ஒன்று இலத்தீனில் இருக்கிறது. ஆசிரியர் யாரென்று உறுதியில்லை. அந்த நூல் நல்ல நடைக்கு மூன்று வேண்டும் என்கிறது. முதலாவது ‘எலெகன்ஷியா’. இரண்டாவது சொற்களை இசைவாகக் கோத்தல். மூன்றாவது அணிகளால் வரும் மேன்மை. முதலாவதை அது இரண்டாகப் பிரிக்கிறது: ஒன்று வழுவில்லாத மொழி, மற்றது விளக்கம். அவ்வளவுதான். உவமையும் உருவகமும் அடுக்குமொழியும் மூன்றாவது பெட்டிக்குள் போய்விட்டன. எலெகன்ஷியாவுக்கு அவற்றோடு சம்பந்தமில்லை. பிழையில்லாமலும் தெளிவாகவும் சொல்லிவிட்டால் அதன் கடமை முடிந்தது. அலங்காரத்தை முழுவதும் கழற்றி வைத்த பிறகும் ஒரு நடையில் அழகு எஞ்சி நிற்கிறதென்றால், அந்த எச்சத்துக்குத்தான் இந்தப் பெயர்.

ஆங்கிலத்தில் இச்சொல் எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று பாருங்கள். உடையைச் சொல்லலாம், வசனத்தைச் சொல்லலாம், சதுரங்கத்தில் ஒரு நகர்வைச் சொல்லலாம். கீரிமலைக் கடலில் சூரியன் மறைவதை எலிகன்ட் என்று ஆங்கிலேயர் சொல்லமாட்டார்கள். அது அழகு, அது மாட்சி. ஆனால் வழுக்கையாற்று வெளியில் மாரி வெள்ளம் வடியும் நாளில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கைச் சொல்வார்கள். கொக்கின் உடம்பில் வேண்டாத ஒரு கோடு இல்லை என்று தோன்றுகிறது. யாரோ வரைந்து, மிகையானவற்றை அழித்துவிட்டுப் போனது போலிருக்கிறது. சூரிய அஸ்தமனத்தில் அப்படித் தேர்ந்தெடுத்த உணர்வு இல்லை. அங்கே எல்லாமே கொட்டிக் கிடக்கிறது. ‘கிறேஸ்புல்’ என்ற உறவுச் சொல்லையும் இதோடு குழப்பக் கூடாது. அது பெரும்பாலும் அசைவுக்கு உரியது. நடைக்கும் ஆட்டத்துக்கும் கை நீட்டும் விதத்துக்கும் சொல்வது. நம் ஒயில் அதற்கு அருகில் நிற்கிறது.

கணித ஆசிரியர்கள் இச்சொல்லை மிகத் துல்லியமாகப் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் பயன்படுத்தும் விதத்தை நான் ஓர் உதாரணத்தால் காட்டியே தீரவேண்டும், ஏனென்றால் இதைவிட நன்றாக எதுவும் காட்டாது. இருசமபக்க முக்கோணியில் அடிக்கோணங்கள் இரண்டும் சமன் என்பது தேற்றம். யூக்ளிட் தன் முதல் நூலில் ஐந்தாவதாக இதை நிறுவுகிறார். பக்கங்களைக் கீழே நீட்டி, நீட்டிய கோடுகளில் புள்ளிகளைக் குறித்து, குறுக்கே கோடுகள் இழுத்து, இரண்டு சோடி முக்கோணிகளை ஒப்பிட்டு, கடைசியில் கழித்து முடிவுக்கு வருகிறார். நிறுவல் சரியானது. ஆனால் மாணவன் களைத்துவிடுவான். சில நூற்றாண்டுகளுக்குப் பிறகு அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த பாப்பஸ் வேறொரு வழி காட்டினார். முக்கோணியை அதன் மறுபுறம் திருப்பிய வடிவத்தோடு ஒப்பிடுங்கள் என்றார். இடப்பக்கம் வலப்பக்கத்துக்குச் சமன், வலப்பக்கம் இடப்பக்கத்துக்குச் சமன், உச்சிக் கோணம் தனக்குத்தானே சமன். ஆகவே இரண்டும் ஒருங்கிசைகின்றன, அடிக்கோணங்கள் சமன். புதிதாக ஒரு கோடும் இழுக்கவில்லை. இருந்ததைக் கொண்டே முடித்துவிட்டார். கணிதக்காரர் இதைத்தான் எலிகன்ட் என்பார்கள். இதில் அலங்காரம் எங்கே இருக்கிறது? பகட்டு எங்கே இருக்கிறது?

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன்.

1816இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தங்கள் நிலையங்களை அமைத்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியது. டானியல் பூவர் அதன் முதல் அதிபர், அவருக்குப் பின் ஹென்றி ஹொய்சிங்டன். ஆங்கிலம், தமிழ், சமஸ்கிருதம், கணிதம், வானியல் எல்லாம் கற்பித்தார்கள். 1855இல் மூடப்பட்டது. முப்பத்திரண்டு ஆண்டுகள்தான். பின்னர் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. இந்த வரலாறு இங்குள்ள பிள்ளைகளுக்கும் தெரியும். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. இரண்டு மொழிகளை ஒரே மேசையில் வைத்துப் படித்த தமிழ் மாணவர் தலைமுறை ஒன்று இங்கே உருவானது. ஒரு வசனத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும்போது எந்தச் சொல்லை எடுப்பது, எதை விடுவது என்ற கேள்வி அவர்களுக்கு அன்றாட வேலை. 1841 ஜனவரி 7ஆம் திகதி வெளிவரத் தொடங்கிய ‘உதயதாரகை’ தமிழும் ஆங்கிலமுமாக வந்த பத்திரிகை. அதன் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் இந்தச் செமினரியில் படித்தவர்கள்.

அகராதி வேலை இதே காலத்தில் நடந்தது. நல்லூரில் இருந்த ஜோசப் நைற் பாதிரியார் தமிழ்ச் சொற்களைத் திரட்டத் தொடங்கி, வேலை முடியுமுன் 1840இல் மறைந்தார். அவர் திரட்டியவை வீணாகவில்லை. லெவி ஸ்போல்டிங் பாதிரியாரும் உடுவில் சந்திரசேகர பண்டிதரும் உழைத்த தமிழ் அகராதி 1842இல் மானிப்பாயில் அச்சாகியது. யாழ்ப்பாண அகராதி என்றும் மானிப்பாய் அகராதி என்றும் அதைச் சொல்வோம். ஏறத்தாழ 58,500 சொற்கள். பின்பு உடுவிலில் பணியாற்றிச் சென்னைக்குப் போன மைரன் வின்சிலோ, நைற் தொடங்கிய வேலையின் தொடர்ச்சியாக, 67,000க்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட தமிழ்–ஆங்கிலப் பேரகராதியை 1862இல் வெளியிட்டார். செந்தமிழ், கொடுந்தமிழ் இரண்டுக்குமான அகராதி என்று அதன் முகப்பிலேயே போட்டிருக்கிறார்.

முகப்பில் உள்ள அந்தச் சொற்களில் ஒரு காலத்தின் பெரிய சிக்கல் அடங்கியிருக்கிறது. மிசனரிமார் தமிழைப் படிக்கத் தொடங்கியபோது புலவர் தமிழ் ஒன்று, பேச்சுத் தமிழ் ஒன்று என இரண்டைக் கண்டார்கள். அவர்களில் பலர் மேலானது, கீழானது என்று இரண்டையும் வரிசைப்படுத்திவிட்டார்கள். அழகான நடை என்றால் புலவர் நடை. விளங்கும் நடை என்றால் பேச்சு நடை. அழகும் விளக்கமும் இரண்டு பக்கம் போய்விட்டன. அந்தப் பிரிப்பின் விளைவை இன்றும் அனுபவிக்கிறோம். நம் மேடையில், நம் மலரில், நம் அழைப்பிதழில் அழகாக எழுத வேண்டும் என்றவுடன் பேசாத மொழிக்குத் தாவுகிறோம்.

தமிழ் இலக்கணம் அப்படிப் பிரிக்கவில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் வனப்பு என்று எட்டைச் சொல்கிறது. அவற்றுள் மூன்றை மட்டும் எடுக்கிறேன். அம்மை என்பது சில சொற்களால், மெல்லிய சொற்களால் அமைவது. அழகு என்பது தேர்ந்தெடுத்த செய்யுட் சொற்களால் அமைவது. புலன் என்பது தெருவில் வழங்கும் சொற்களால், பொருளைத் தேடவேண்டாதபடி அமைவது. அழகு என்ற சொல்லே ஓர் இலக்கணக் குறியீடாகி, எட்டில் ஒன்றாக மட்டும் நிற்பதைக் கவனியுங்கள். புலவர் சொல்லுக்கு ஒரு வனப்பு உண்டு, தெருச் சொல்லுக்கும் ஒரு வனப்பு உண்டு, சிக்கனத்துக்கும் ஒரு வனப்பு உண்டு. மூன்றும் ஒரே பந்தியில் சமமாக உட்கார்ந்திருக்கின்றன. உரையாசிரியர்கள் அம்மைக்குப் பதினெண்கீழ்க்கணக்கையும் புலனுக்குக் கூத்துப் பனுவலையும் எடுத்துக்காட்டினார்கள். கூத்துக்குப் பேர்போன வட்டுக்கோட்டையில் நின்று இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. அண்ணாவியார் சொல்லிக்கொடுக்க, ஊர்ப் பிள்ளைகள் இரவிரவாகப் பாடி ஆடிய வரிகளுக்கு இலக்கணம் நெடுங்காலத்துக்கு முன்பே ஆசனம் கொடுத்துவிட்டது.

தண்டியலங்காரமும் வைதருப்பம் என்ற செய்யுள் நெறிக்குரிய பத்துக் குணங்களைச் சொல்லும்போது செறிவையும் தெளிவையும் ஒழுகிசையையும் அணிகளுக்கு முன்னே வைக்கிறது. நன்னூலின் பத்து அழகில் சுருங்கச் சொல்லுதலும் விளங்கவைத்தலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. மேற்கே ரோமில் எழுதியவரும் தெற்கே நம் இலக்கணிகளும் ஒருவரை ஒருவர் அறியமாட்டார்கள். ஆனால் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

தொல்காப்பியத்தின் அந்தச் செய்யுளியலைப் பழைய உரையோடு அச்சில் நமக்குத் தந்தவர் யார்? சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்து இந்தச் செமினரியில் படித்த சி.வை. தாமோதரம்பிள்ளை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரை என்று 1885இல் பதிப்பித்தார். அதன் பிற்பகுதி, செய்யுளியல் உட்பட, பேராசிரியர் உரை என்று பின்னாளில் அறிஞர் நிறுவினார்கள். அது அவர் செய்த தொண்டைக் குறைக்காது. ஏடு நமக்குக் கிடைத்தது அவரால். அவரும், அவருடைய ஆசிரியர் கறல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். இருவரும் வட்டுக்கோட்டை மண்ணில் கற்றவர்கள்.

தாமோதரம்பிள்ளையைப் பதிப்பாசிரியராகப் போற்றுகிறோம். உரைநடையாளராகப் போதிய அளவு படிக்கவில்லை என்பது என் வருத்தம். 1887இல் கலித்தொகையை வெளியிட்டபோது அவர் எழுதிய பதிப்புரையில் ஏட்டுச் சுவடிகளின் நிலையை விவரிக்கும் ஒரு பகுதி இருக்கிறது. தமிழ் படித்தவர்கள் பலருக்கு மனப்பாடம். அதை நான் இங்கே ஒப்பிக்கவில்லை. அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று மட்டும் காட்டுகிறேன். ஏட்டைக் கையில் எடுக்கிறார், ஒரு கேடு நேர்கிறது. கட்டை அவிழ்க்கிறார், இன்னொரு கேடு. ஒற்றையைப் புரட்டுகிறார், மூன்றாவது கேடு. ஒவ்வொன்றும் குறுகிய வசனம். ஒவ்வொன்றிலும் கையின் செயல் ஒன்று, அதற்கு ஏடு தரும் விடை ஒன்று. உடைகிறது என்ற ஒரே வினையை மூன்று இடத்திலும் போட்டிருக்கலாம், பொருள் போய்ச் சேர்ந்திருக்கும். அவர் போடவில்லை. ஓரத்துக்கு ஒரு வினை, இதழுக்கு ஒரு வினை, துண்டுக்கு ஒரு வினை. அழிவு படிப்படியாகக் கூடுவதை வினைச்சொல்லே சொல்லிவிடுகிறது. ஐயோ என்ற சொல்லுக்கு அங்கே வேலையில்லை. தமிழின் செல்வம் அழிகிறதே என்ற பொதுப்புலம்பலும் அந்த இடத்தில் இல்லை. அதற்குப் பிறகுதான் வசனம் நீண்டு, பூச்சி அரித்த எழுத்துகளைப் பற்றிப் பேசுகிறது. குறிலும் நெடிலுமாக மூச்சு மாறுகிறது.

எலிகன்ட் நடை என்று யாராவது என்னிடம் தமிழில் உதாரணம் கேட்டால் இந்தப் பகுதியைத்தான் காட்டுவேன். இதை எழுதியவர் ஆங்கிலமும் கணிதமும் இலக்கணமும் ஒன்றாகப் படித்த பிள்ளை. கொழுத்த புலமை உள்ளவர். புலமையைக் காட்ட நல்ல இடம். அந்த இடத்தில் புலமையை ஒதுக்கிவிட்டு ஏட்டை மட்டும் காட்டினார்.

ஆறுமுக நாவலர் பெருமானைச் சொல்லாமல் யாழ்ப்பாணத்து உரைநடையைப் பேச முடியாது. அவர் செமினரியில் படித்தவர் அல்லர். வெஸ்லியன் பாடசாலையில் கற்று, பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. நல்ல தமிழ் என்று புலவர்கள் மதித்த அந்தப் பதிப்பைக் கிறித்தவ மக்கள் பலர் ஏற்றுக்கொள்ளவில்லை. தங்கள் நாவில் பழகிய பழைய வாசகத்தை விட்டுவர அவர்களுக்கு மனமில்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம், நடை என்பது எழுதுகிறவன் தனியாகத் தீர்மானிக்கும் காரியம் அல்ல என்பது. வாசிக்கிறவனின் காதும் அதில் பங்காளி. அந்தப் பாடத்தை நாவலரே தம் பிற்காலப் பணியில் செயலாக்கினார் என்று கருதுகிறேன். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய பின் பாலபாடங்கள் எழுதினார். 1852இல் பெரியபுராண வசனத்தை வெளியிட்டார். சேக்கிழாரின் செய்யுளை ஊர்ச் சனம் கோயில் மண்டபத்தில் இருந்து வாசித்துக் கேட்கக்கூடிய வசனமாக ஆக்கினார். ஆங்கில நூல்களில் கண்ட நிறுத்தக் குறிகளைத் தமிழ் வசனத்துக்குள் கொண்டுவந்து நிலைநிறுத்தினார். எங்கே மூச்சு விடவேண்டும் என்பதை வாசகனுக்குச் சொல்லும் அந்தச் சிறு புள்ளிகளும் கோடுகளும் நடையின் ஒழுங்குக்கு எவ்வளவு செய்தன என்பதை, அவை இல்லாத பழைய அச்சுப் பக்கம் ஒன்றை வாசித்துப் பார்த்தவர்கள் உணர்வார்கள்.

நடையிலிருந்து சொல் தேர்வுக்கு வந்தால், மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் நினைவுக்கு வருகிறார். அவர் 1847இல் இங்கே வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர். கலைச்சொல்லுக்கு அவர் ஒரு வரிசை வைத்திருந்தார். முதலில் தமிழில் தேடு. இல்லையென்றால் சமஸ்கிருதத்தில் தேடு. அதுவும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் வாய்க்கு இசைவாக்கு. இரண வைத்தியம் என்ற நூற்பெயர் இரண்டாவது வழியில் வந்தது. கெமிஸ்தம் என்ற பெயர் கடைசி வழியில் வந்தது. கெமிஸ்தம் நிலைக்கவில்லை, இரசாயனவியல் நிலைத்தது. எதை எடுப்பது, ஏன் எடுப்பது என்பதற்கு ஒரு நியாயம் வைத்துக்கொண்டு அவர் சொல் தேடினார் என்பதைத்தான் நான் மதிக்கிறேன்.

சரி, எலிகன்ட் என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது? நளினம், நேர்த்தி, நாசூக்கு, எழில், செவ்வி என்று பல உண்டு. எல்லாம் நல்ல சொற்கள். ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தைத்தான் தொடும். நேர்த்தி என்றால் யாழ்ப்பாணத்தில் முதலில் நல்லூரானுக்கு வைத்த நேர்த்திதான் நினைவுக்கு வரும். நாசூக்கு பழகும் விதத்துக்கே பொருந்தும். எடுப்பு என்பது நேர் எதிர்ச்சொல்; எடுப்புக் காட்டுகிறவன் என்று நாம் யாரைச் சொல்கிறோமோ அவன் கேட்டோ காலத்து எலெகன்ஸ்.

ஆனால் நம் வாயில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று நயம். யாழ்ப்பாணத்துப் பழைய ஆட்கள் சந்தையில் குறைந்த விலைக்கு நல்ல சாமான் அகப்பட்டால் நயமாய்க் கிடைத்தது என்பார்கள். நயநட்டம் பார்ப்பது என்றால் இலாப நட்டம் பார்ப்பது. அதே சொல்தான் செய்யுள் நயத்திலும் இருக்கிறது. குறைந்த செலவில் கூடிய பயன் என்பதும் கவிதையின் சுவை என்பதும் ஒரே சொல்லில் தங்கியிருக்கின்றன. பாப்பஸின் நிறுவல் நயமானது என்று சொன்னால் இரண்டு பொருளும் பொருந்தும்.

மற்றது வடிவு. தமிழகத்தார் அழகு என்று சொல்லும் இடத்தில் நாம் வடிவு என்கிறோம். பெண் வடிவு, பிள்ளை வடிவு, கோயில் வடிவு. இத்தோடு நிற்கவில்லை. வடிவாச் சொல்லு என்று அம்மா பிள்ளையிடம் சொன்னால் அலங்காரமாகப் பேசு என்று பொருளில்லை. குழப்பாமல், முழுதாக, விளங்கும்படி சொல்லு என்று பொருள். வடிவாப் பார் என்றால் உன்னிப்பாகப் பார். வடிவாக் கேட்டனியோ என்றால் சரியாகக் கேட்டாயா. வடிவா விளங்குது என்றால் ஐயமின்றி விளங்குகிறது. வடிவாச் சாப்பிடு என்றால் குறைவைக்காமல் சாப்பிடு. அழகும் தெளிவும் கவனமும் முழுமையும் ஒரே சொல்லில். ஹெரேனியஸுக்கு எழுதியவர் வழுவின்மை, விளக்கம் என்று இரண்டாகப் பிரித்துச் சொன்னதை நம் வீட்டுப் பெண்கள் அடுப்படியிலிருந்தே ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். எலிகன்ட் நடைக்கு வடிவான நடை என்பதே என் தீர்வு. அழகுக்கும் விளக்கத்துக்கும் நடுவே போட்ட வேலியை இந்தச் சொல் ஏற்கவே இல்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகு இன்றைய எழுத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்தியேட்டிக்கு நினைவு மலர் போடுகிறோம். முன்பு கல்வெட்டு என்போம். ஓர் ஊரின் வரலாறு அந்த மலர்களில்தான் இருக்கிறது. அவற்றை நான் மதித்து வாசிக்கிறவன். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் ஒரே வசனம் வருகிறது. அன்னாரின் மறைவு எமது சமூகத்துக்கு ஈடுசெய்ய முடியாத பேரிழப்பாகும் என்று வருகிறது. எவர் இறந்தாலும் அதே வசனம். எழுதியவருக்கு உண்மையாகவே துக்கம் இருந்திருக்கும். அந்தத் துக்கம் அந்த வசனத்துக்குள் இறங்கவில்லை. அந்த இடத்தில் இப்படி எழுதினால் என்ன: “மாமா இருந்தவரை எங்கள் வாசிகசாலைக் கதவு காலை ஆறு மணிக்குத் திறந்துவிடும். இப்போது பத்திரிகைக்காரப் பிள்ளை பேப்பரைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறான்.” இதில் கடினமான சொல் ஒன்றுமில்லை. அன்னார் இல்லை, பேரிழப்பு இல்லை. இழப்பு இருக்கிறது. இறந்தவரின் ஆயிரம் செயல்களில் எதை எடுத்தால் அவர் தெரிவார் என்று ஒருவர் யோசித்திருக்கிறார். எடுத்ததைச் சொல்லி, மற்றதை விட்டிருக்கிறார். வடிவான நடை என்று நான் சொல்வது இதை.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரண தரப் பரீட்சையில் தமிழ் இலக்கிய நயம் என்று ஒரு பாடமே நமக்கு உண்டு. நயம் என்ற சொல்லைப் பாடத்தின் பெயராக வைத்திருப்பது பெரிய பாக்கியம். விடைத்தாளில் பிள்ளைகள் எதுகை வந்துள்ளது, மோனை வந்துள்ளது, உவமை வந்துள்ளது என்று பட்டியல் போடுகிறார்கள். அதற்குப் புள்ளியும் கிடைக்கிறது. பிள்ளைகளில் குறையில்லை, நாம் அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். செமினரி மாணவரும் பண்டிதர்களும் அகராதித் தாள்களின் முன்னால் இருந்து கேட்ட கேள்வியை வகுப்பறையில் கேட்டுப் பாருங்கள். இந்த இடத்தில் வேறு எந்தச் சொல் வந்திருக்கலாம்? அது ஏன் வரவில்லை? ஒரு பாட்டில் ஒரு வரிக்கு இந்தக் கேள்வியைக் கேட்டு, பிள்ளைகளை மாற்றுச் சொல் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மூலச் சொல் ஏன் நிற்கிறது என்பது அவர்களுக்கே பிடிபடும். எதுகை மோனைப் பட்டியலைவிட அது நீண்ட நாள் மனதில் நிற்கும்.

இங்கே வந்திருக்கும் மாணவர்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். மானிப்பாய் அகராதியிலும் வின்சிலோவிலும் நம் ஊர்ப் பேச்சின் பொருள்கள் எல்லாம் ஏறிவிடவில்லை. வடிவு என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில், ஒழுங்கையில், சந்தையில், கோயில் வீதியில், அது எந்த வினையோடு, எந்தப் பொருளில் வருகிறது என்று கேட்டு, கேட்ட வசனத்தை அப்படியே ஒரு கொப்பியில் எழுதுங்கள். யார் சொன்னார், எந்த ஊரார், எத்தனை வயது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். அம்மம்மாவும் அப்பாச்சியும் இருக்கும்போதே கேளுங்கள். ஓர் ஆண்டு கழித்து அந்தக் கொப்பிகளைப் பாடசாலை நூலகத்தில் சேர்த்துவிடுங்கள். அடுத்த அகராதியைச் செய்ய வருகிறவருக்கு அவை வேண்டும்.